சின்ன இங்கிலீஷ் டவுனுக்கு குடி வந்திருக்கீங்களா? ஊர் கூடுற நாள்ல எங்க போய் நிக்கணும், என்ன செய்யணும்

லண்டன், லெஸ்டர்னு பெரிய ஊருக்கு வர்றவங்களுக்கு கோயில் இருக்கு, தமிழ் ஸ்கூல் இருக்கு, ஏதோ ஒரு சங்கம் இருக்கு. ஆனா இப்போ நிறைய பேர் என்.எச்.எஸ் (அரசு மருத்துவ சேவை) வேலை, கேர் ஹோம் (முதியோர் இல்லம்) வேலை, இல்ல வாடகை கொஞ்சம் கம்மினு பத்தாயிரம் இருபதாயிரம் பேர் இருக்குற மார்க்கெட் டவுனுக்கு வந்து எறங்குறாங்க, வந்து ஆறு மாசம் கழிச்சு பேசினா எல்லாரும் ஒரே மாதிரி தான் சொல்றாங்க, "பக்கத்து வீட்டுக்காரங்க நல்லவங்க தான், சிரிக்கிறாங்க, மழையைப் பத்தி பேசுறாங்க, அதுக்கு மேல ஒன்னும் நகர மாட்டேங்குது"னு. நாங்களும் 2021 அக்டோபர்ல வில்ட்ஷர்ல ஒரு சின்ன டவுனுக்கு வந்தப்போ அதே நிலைமை தான். இங்க யாரும் சொல்லாம கொள்ளாம வீட்டுக்கு வர மாட்டாங்க, நாமளும் போக முடியாது. அப்போ இவங்க எப்போ தான் ஒன்னு கூடுறாங்கன்னா, வருஷத்துல சில நாள் இருக்கு, அன்னிக்கு மொத்த ஊரும் தெருவுல வந்து நிக்கும். அந்த நாள்ல நீங்களும் அங்க நிக்கணும். அதுக்கு என்ன என்ன பண்ணணும்னு நான் கத்துகிட்டதை வரிசையா எழுதுறேன்.

முதல்ல: ஊரை யார் நடத்துறாங்கன்னு தெரிஞ்சுக்கோங்க

குப்பை எடுக்குறது, ரோடு, ஸ்கூல் இதெல்லாம் பெரிய கவுன்சில் வேலை. எங்களுக்கு அது வில்ட்ஷர் கவுன்சில், சில ஊர்ல மாவட்டம், அதுக்கு மேல கவுண்டின்னு ரெண்டா பிரிஞ்சிருக்கும். அதுக்கு கீழ டவுன் கவுன்சில்னு ஒன்னு இருக்கு, சட்டப்படி பார்த்தா கிராமத்துல இருக்குற பாரிஷ் கவுன்சிலும் இதுவும் ஒன்னு தான், ஊர் கொஞ்சம் பெருசா இருந்தா டவுன்னு பேர் வச்சுக்கலாம், தலைவருக்கு மேயர்னு பேர். பார்க், அலாட்மென்ட் தோட்டம் (காய்கறி போட வாடகைக்கு விடுற துண்டு நிலம்), டவுன் ஹால், கிறிஸ்துமஸ் லைட் இதெல்லாம் பெரும்பாலும் இவங்க கையில. ஊர் விழா எதுவா இருந்தாலும் இந்த டவுன் கவுன்சில் ஆபீஸ்ல தான் தொடங்கும், அதனால முதல் வாரத்துலயே டவுன் ஹால் எங்க இருக்குனு பாத்து வச்சுக்கோங்க, வாசல்ல கண்ணாடி போட்ட நோட்டீஸ் போர்டு இருக்கும், லைப்ரரிலயும் ஒன்னு இருக்கும். ஃபேஸ்புக்ல ஊர் பேர்ல ஒரு குரூப் இருக்கும், அதுல சேருங்க, ஆனா அதை மட்டும் நம்பாதீங்க, வயசானவங்க நடத்துற நிகழ்ச்சி பாதிக்கு மேல அந்த போர்டுல மட்டும் தான் வருது. நான் சனிக்கிழமை மார்க்கெட் போறப்போ எல்லாம் ரெண்டு நிமிஷம் நின்னு படிச்சிட்டு தான் வருவேன்.

அப்புறம் சில பேர் காதுல விழுந்துகிட்டே இருக்கும். ராயல் பிரிட்டிஷ் லீஜியன்னா முன்னாள் ராணுவத்தினருக்கான அமைப்பு, 1921ல ஆரம்பிச்சது. ரோட்டரி, லயன்ஸ், ரவுண்ட் டேபிள் எல்லாம் சேவை சங்கங்கள், நம்ம ஊர்லயும் உண்டு. விமன்ஸ் இன்ஸ்டிட்யூட்டை எல்லாரும் டபிள்யூ.ஐ.னு தான் சொல்லுவாங்க, பெண்கள் மாசம் ஒரு தடவை கூடுற சங்கம், புது ஆளை ரொம்ப அன்பா சேத்துக்குவாங்க, என் மனைவிக்கு இங்க முதல் தோழி அங்க தான் கெடச்சாங்க.

நவம்பர்: ரிமெம்பரன்ஸ் சண்டே

வருஷத்துல ஒரே ஒரு நாள் தான் போக முடியும்னா இதுக்கு போங்க. நவம்பர் ரெண்டாவது ஞாயிறு. முதல் உலகப்போர் 1918 நவம்பர் 11 காலை 11 மணிக்கு நின்னுச்சு, அந்த நாளை ஒட்டி வர்றது. ஒவ்வொரு ஊர்லயும், ரொம்ப சின்ன கிராமத்துல கூட, ஒரு வார் மெமோரியல் இருக்கும், கல் சிலுவையா இருக்கும் இல்ல தூணா இருக்கும், அதுல அந்த ஊர்ல இருந்து போரிட போய் திரும்பாதவங்க பேர் செதுக்கியிருக்கும். போன எல்லாரும் உயிரோட திரும்பின கிராமத்துக்கு 'தேங்க்ஃபுல் வில்லேஜ்'னு ஒரு பேரே இருக்கு, முதல் போர்ல அப்படி தப்பிச்சது இங்கிலாந்து, வேல்ஸ் ரெண்டும் சேர்த்து ஐம்பது சொச்சம் கிராமம் தான். மத்த எல்லா ஊர்லயும் யாரோ போயிருக்காங்க. ஒரு நாள் கூட்டம் இல்லாத நேரத்துல போய் அந்த பேர்களை நின்னு படிங்க, ஒரே குடும்பப்பேர் ரெண்டு தடவை மூணு தடவை வரும், அண்ணன் தம்பியா இருக்கும், அந்த குடும்பப்பேர்ல ஒரு கடை இன்னும் ஹை ஸ்ட்ரீட்ல (ஊரோட முக்கிய கடைத்தெருவுல) இருக்கும்.

அக்டோபர் கடைசியிலேயே சூப்பர்மார்க்கெட் வாசல்ல ஒரு பெரியவர் சிவப்பு பாப்பி பூ தட்டோட உக்காந்திருப்பார், போர்ல இறந்தவங்க நினைவா சட்டைல குத்திக்கிற பூ அது. அதுக்கு விலை கிடையாது, உங்களால முடிஞ்சதை போடலாம், கார்டு மெஷினும் இருக்கும் பல இடத்துல. எந்த பக்கம் குத்தணும், எப்படி குத்தணும்னு நிறைய பேர் நிறைய சொல்லுவாங்க, அப்படி ஒரு விதி எதுவும் இல்லைன்னு லீஜியனே சொல்லுது. குத்தியே ஆகணும்னும் இல்லை, அது அவங்கவங்க விருப்பம்.

அன்னிக்கு செய்ய வேண்டியது இது தான். பத்தரை மணிக்கே போயிடுங்க, ஹை ஸ்ட்ரீட் அடைச்சிருவாங்க, கார் கொண்டு போகாதீங்க. கருப்பு தான் போடணும்னு கட்டாயம் இல்லை, கொஞ்சம் அடக்கமான கலர்ல கோட் போதும், ஆனா குளிருக்கு தகுந்த மாதிரி நல்லா போட்டுக்கோங்க, அசையாம அரை மணிநேரம் நிக்கணும். போனை சைலன்ட்ல போடுங்க. முன்னாள் வீரர்கள், ஸ்கவுட்ஸ், பிரவுனீஸ் (சின்னப் பொண்ணுங்க ஸ்கவுட் மாதிரி) பிள்ளைங்க, தீயணைப்பு வீரர்கள் எல்லாம் அணிவகுத்து வருவாங்க, மேயர் சிவப்பு அங்கியும் தங்கச் சங்கிலியும் போட்டு வருவார். 11 மணிக்கு முன்னாடி பியூகிள்ங்கற ஊதுகுழல்ல லாஸ்ட் போஸ்ட்னு ராணுவ அஞ்சலி இசை வாசிப்பாங்க, லீஜியன் கொடிகளை தரையை தொடுற அளவுக்கு தாழ்த்துவாங்க, அப்புறம் ரெண்டு நிமிஷம் மௌனம். அந்த ரெண்டு நிமிஷம் எப்படி இருக்கும்னு எழுத்துல சொல்ல முடியல, ஆயிரம் பேர் நிக்கிற தெருவுல ஒரு புறா சிறகடிக்கிற சத்தம் கேட்கும். குழந்தை அழுதா பயப்படாதீங்க, யாரும் திரும்பி முறைக்க மாட்டாங்க, இருந்தாலும் கைக்குழந்தையோட போறவங்க ஓரமா நின்னா மெதுவா நகர்ந்துக்கலாம். மறுபடி பியூகிள் சத்தம் கேட்டதும் கொடி நிமிரும், மலர்வளையம் வைப்பாங்க, ஜெபம் இருக்கும், தேசிய கீதம் இருக்கும். பாட வேண்டிய அவசியம் இல்லை, மரியாதையா நின்னா போதும்.

2021ல நான் இதெல்லாம் தெரிஞ்சு போகல. பால் வாங்க கிளம்பினேன், ரோடு அடைச்சிருந்துச்சு, பையை கையில வச்சுகிட்டே கூட்டத்துக்கு பின்னாடி நின்னுட்டேன். முன்னாடி நின்ன ஒரு பாட்டி திரும்பி பார்த்து, கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டு, கையில இருந்த நிகழ்ச்சி தாளை எனக்கும் தெரியுற மாதிரி பிடிச்சுகிட்டாங்க. ஒரு வார்த்தை பேசல. முடிஞ்ச பிறகு தான் எந்த ஊருன்னு கேட்டாங்க, இந்தியான்னு சொன்னேன், அவங்க அப்பா பர்மா போர்முனையில இந்திய வீரர்களோட இருந்தவர்னு சொன்னாங்க. அன்னிக்கு தான் இது "அவங்க" நிகழ்ச்சின்ற நினைப்பு எனக்கு போச்சு.

இது நம்ம நிகழ்ச்சியும் தாங்க, தயவுசெஞ்சு இதை மனசுல வச்சுக்கோங்க. முதல் உலகப்போர்ல பிரிட்டிஷ் இந்தியால இருந்து 13 லட்சம் பேருக்கு மேல சேவை செஞ்சாங்க, 74,000 பேர் வரைக்கும் திரும்பல. ரெண்டாம் உலகப்போர்ல இந்திய ராணுவம் 25 லட்சத்தை தாண்டுச்சு. நிறைய ஊர்ல இந்த நாள்ல கோஹிமா வாசகம்னு சில வரி வாசிப்பாங்க, அது 1944ல நம்ம நாகாலாந்துல நடந்த சண்டைல செத்தவங்க நினைவுச்சின்னத்துல இருக்குற வரி, இங்க ஏதோ ஒரு மூலைல குளிர்ல நின்னுகிட்டு அந்த ஊர் பேரைக் கேட்கும்போது உடம்பு சிலிர்க்கும். பிரைட்டனுக்கு மேல மலைச்சரிவுல சத்ரின்னு ஒரு வெள்ளை மண்டபம் இருக்கு, காயம்பட்டு பிரைட்டன் ஆஸ்பத்திரில இறந்த 53 இந்து, சீக்கிய வீரர்களை எரிச்ச இடம், 1921ல திறந்தாங்க, ஒவ்வொரு ஜூன்லயும் அங்க அஞ்சலி நடக்குது. ஒரு தடவையாவது போய்ட்டு வாங்க. உங்க தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ அந்த ராணுவத்துல இருந்து அவரோட மெடல் வீட்டுல இருந்தா இங்க கொண்டு வந்து அன்னிக்கு போட்டுக்கலாம், ஆனா வலது பக்க நெஞ்சுல. இடது பக்கம் வாங்கினவருக்கு மட்டும், வாரிசுக்கு வலது, இது இங்க வழக்கம்.

எங்க ஊர்ல இருந்து கொஞ்ச தூரத்துல ராயல் வுட்டன் பாசெட்னு ஒரு டவுன் இருக்கு. 2007ல இருந்து 2011 வரைக்கும் ஆப்கானிஸ்தான், இராக்ல இறந்த வீரர்கள் உடல் லைனம் விமானதளத்துக்கு வந்து அந்த ஹை ஸ்ட்ரீட் வழியா தான் போகும். முதல் தடவை லீஜியன் ஆளுங்க சில பேர் தற்செயலா நின்னு வணக்கம் வச்சாங்க, அடுத்த தடவை கடைக்காரங்களும் வெளிய வந்து நின்னாங்க, அப்புறம் ஒவ்வொரு தடவையும் தேவாலய மணி அடிக்கும், மொத்த ஊரும் வேலையை விட்டுட்டு நிக்கும். 345 பேருக்கு அப்படி நின்னாங்க. யாரும் உத்தரவு போடல. அதுக்காக தான் 2011ல 'ராயல்'னு பட்டம் குடுத்தாங்க. சின்ன ஊருன்னா என்னன்னு எனக்கு புரிய வச்சது அந்த ஊர் கதை தான்.

அதே நவம்பர்: பான்ஃபயர் நைட், கூடவே நம்ம தீபாவளி

நவம்பர் 5. 1605ல பார்லிமென்ட்டை வெடி வச்சு தகர்க்க பார்த்த கய் ஃபாக்ஸ் பிடிபட்ட நாள், பொம்மை செஞ்சு எரிப்பாங்க, வாணவேடிக்கை விடுவாங்க. நம்ம பிள்ளைங்களுக்கு போகியும் தீபாவளியும் ஒரே ராத்திரியில வந்த மாதிரி. சின்ன டவுன்ல ரக்பி கிளப்போ கிரிக்கெட் கிளப்போ ரவுண்ட் டேபிளோ நடத்தும், பணம் சாரிட்டிக்கு போகும். டிக்கெட் முன்னாடியே ஆன்லைன்ல வாங்கிடுங்க, கேட்ல விலை கூட, சில சமயம் கேட்ல விக்கவே மாட்டாங்க. மைதானம் சேறா இருக்கும், ரப்பர் பூட்ஸ் போடுங்க, தள்ளுவண்டி கொண்டு போகாதீங்க, டார்ச் எடுத்துக்கோங்க, கம்பி மத்தாப்பை உள்ள விட மாட்டாங்க பெரும்பாலும். சசெக்ஸ்ல லூயிஸ்னு ஒரு டவுன்ல இது வேற லெவல், ஊர்ல இருக்குற பான்ஃபயர் சொசைட்டிங்க தீப்பந்தத்தோட ஊர்வலம் போவாங்க, 1550கள்ல அங்க எரிச்சு கொன்ன 17 புராட்டஸ்டன்ட் தியாகிகளுக்காக 17 எரியும் சிலுவை தூக்கிட்டு போவாங்க. குறுகலான தெரு, பயங்கர கூட்டம், சின்னக் குழந்தையோட முதல் வருஷமே அங்க போகாதீங்க.

இப்போ நம்ம வெடி. சட்டம் இது: ராத்திரி 11ல இருந்து காலை 7 வரைக்கும் வெடிக்க கூடாது, நவம்பர் 5 அன்னிக்கு மட்டும் 12 மணி வரைக்கும் விடலாம், தீபாவளி ராத்திரி 1 மணி வரைக்கும். ஆமா, தீபாவளின்னு பேர் சொல்லியே சட்டத்துல இருக்கு. 18 வயசு ஆனவங்க தான் வாங்க முடியும், சாதாரண கடைல அக்டோபர் 15 முதல் நவம்பர் 10 வரைக்கும், அப்புறம் தீபாவளிக்கு முன்னாடி மூணு நாள் கெடைக்கும். முக்கியமானது, தெருவுலயோ பார்க்லயோ வெடிக்கிறது குற்றம், உங்க வீட்டு கார்டன்ல மட்டும் தான். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், அதுக்கு மேல ஒன்னு பண்ணுங்க: நாலு நாள் முன்னாடி ரெண்டு பக்கமும் பின்பக்கமும் இருக்குற வீட்டுக்கு ஒரு சின்ன சீட்டு எழுதி போடுங்க, இன்ன தேதி இத்தனை மணிக்கு தொடங்கி இத்தனை மணிக்கு முடிச்சிடுவோம், இது எங்க பண்டிகைனு. நாய், குதிரை வளர்க்குறவங்களுக்கு இது பெரிய உதவி. சீட்டோட கொஞ்சம் முறுக்கும் வச்சு குடுத்தோம் 2022ல, அந்த வருஷம் எதிர்வீட்டுக்காரங்க பேரப்பிள்ளைங்களோட வந்து புஸ்வாணம் பாத்துட்டு போனாங்க.

டிசம்பர்

நவம்பர் கடைசி வாரத்துல கிறிஸ்துமஸ் லைட் ஏத்துற நிகழ்ச்சி, மேயர் இல்ல ஊர்ப் பள்ளிக்கூடத்து குழந்தை ஒன்னு பட்டன் அழுத்தும், கடையெல்லாம் ராத்திரி திறந்திருக்கும், ஸ்கூல் பிள்ளைங்க கரோல் பாடுவாங்க. சும்மா போய் நடந்துட்டு வந்தா போதும். மின்ஸ் பைல பேர் தான் மின்ஸ், உள்ள இருக்குறது உலர் பழம், ஆனா சிலதுல மாட்டுக் கொழுப்பு சேர்ப்பாங்க, சைவம்னா கேட்டுட்டு சாப்பிடுங்க. டிசம்பர்ல ஒரு சாயங்காலம் ரோட்டரிக்காரங்க சான்டா வண்டியை தெருத்தெருவா ஓட்டிட்டு வருவாங்க, வாளி குலுக்குவாங்க, சில்லறை எடுத்து வச்சுக்கோங்க.

மே மாசம்: ஓட்டு, மேயர்

இது நிறைய பேருக்கு தெரியல, அதனால அழுத்தி சொல்றேன். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் பாஸ்போர்ட் வச்சிருக்கீங்களா, நீங்க காமன்வெல்த் குடிமக்கள், இங்க முறையான விசால இருந்தாலே உங்களுக்கு ஓட்டு உண்டு. உள்ளூர் தேர்தல், பார்லிமென்ட் தேர்தல் ரெண்டுலயும். சிட்டிசன்ஷிப் வேண்டாம், பி.ஆர் (நிரந்தரமா தங்குற அனுமதி) கூட வேண்டாம். நேஷனல் இன்சூரன்ஸ் நம்பர் வச்சு ஆன்லைன்ல அஞ்சு நிமிஷத்துல பதியலாம், தேர்தலுக்கு 12 வேலை நாளுக்கு முன்னாடி பதிஞ்சிருக்கணும். கவுன்சில் டாக்ஸ் கட்டுறதால பேர் தானா சேராது. வாக்காளர் பட்டியல்ல பேர் இருந்தா கிரெடிட் ஸ்கோருக்கும் நல்லது.

உள்ளூர் தேர்தல் ஓட்டு மே மாசம் முதல் வியாழன், காலை 7ல இருந்து ராத்திரி 10 வரைக்கும், தேவாலய ஹால்லயோ ஸ்கூல்லயோ இருக்கும். 2023ல இருந்து போட்டோ ஐடி கட்டாயம், நம்ம காமன்வெல்த் நாட்டு பாஸ்போர்ட்டே செல்லும். வாசல்ல கட்சி ரிப்பன் குத்தினவங்க உங்க வாக்காளர் பட்டியல் நம்பர் கேட்பாங்க, குடுக்கணும்னு இல்லை, அவங்க அதிகாரிங்க இல்லை, கட்சித் தொண்டர்கள். உள்ள பென்சிலால ஒரு பெருக்கல் குறி, அவ்ளோ தான். எனக்கு முதல் தடவை கை லேசா நடுங்குச்சு.

அதே மே மாசத்துல மேயர் மேக்கிங். கவுன்சிலர்கள் தங்களுக்குள்ள ஒருத்தரை ஒரு வருஷத்துக்கு மேயரா தேர்ந்தெடுப்பாங்க, நம்ம மாநகராட்சி மேயர் மாதிரி அதிகாரம் கிடையாது, ரிட்டயர்ட் டீச்சராவோ கடைக்காரராவோ இருப்பார், ஆனா ஊரோட முகம் அவர் தான், கூட்டத்துக்கு முன்னாடி ஒருத்தர் செங்கோல் மாதிரி ஒரு தண்டம் தூக்கிட்டு போவார். சில ஊர்ல டவுன் க்ரையரும் உண்டு, நம்ம தண்டோரா போடுறவர் தான், பறைக்கு பதிலா கைமணி. ஹை விக்கம்ல புது மேயரை நடுத்தெருவுல தராசுல உக்கார வச்சு எடை போடுவாங்க, அடுத்த வருஷம் எடை கூடியிருந்தா மக்கள் காசுல தின்னுட்டார்னு கூட்டம் கத்தும், நூற்றாண்டுக் கணக்கா நடக்குது. எல்லாரும் போய் பாக்கலாம். டவுன் கவுன்சில் கூட்டமும் அப்படித்தான், பொதுமக்கள் பேச ஆரம்பத்துல சில நிமிஷம் ஒதுக்கியிருப்பாங்க. மார்ச் 1க்கும் ஜூன் 1க்கும் நடுவுல ஊர்க் கூட்டம்னு ஒன்னு கட்டாயம் நடக்கணும், அதுல வாக்காளர் யார் வேணா எழுந்து பேசலாம். எங்க தெருமுனை விளக்கு பத்தி ஒரு நண்பர் அங்க தான் பேசினார், ரெண்டு மாசத்துல சரியாச்சு. பி.ஆர் வாங்கினவங்க கவுன்சிலராவே நிக்கலாம், பல டவுன் கவுன்சில்ல சீட்டு காலியாவே கெடக்கு.

அரண்மனை நிகழ்ச்சி வந்தா: ஸ்ட்ரீட் பார்ட்டி

ஜூபிலி (ராஜாவோ ராணியோ ஆட்சிக்கு வந்த ஆண்டு நிறைவு), முடிசூட்டு விழா, போர் முடிஞ்ச ஆண்டு நிறைவு, இப்படி ஏதாவது வந்தா தெருவை அடைச்சு மேஜை போட்டு எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவாங்க. 1919ல போர் முடிஞ்ச சமாதானத்துக்கு குழந்தைகளுக்கு தெருவுல டீ விருந்து வச்சதுல இருந்து வர்ற பழக்கம். 2022 ஜூன்ல ராணியோட பிளாட்டினம் ஜூபிலிக்கு எங்க தெருவுல நாங்க விருந்தாளி, 2023 மே 7 முடிசூட்டு விழா பார்ட்டிக்கு நடத்துன அஞ்சு பேர்ல நானும் ஒருத்தன், அதனால இதை முழுசா சொல்ல முடியும்.

மூணு மாசம் முன்னாடி ரெண்டு மூணு வீட்டுல பேசுங்க. தெருவுல எல்லா வீட்டுக்கும் சீட்டு போட்டு சம்மதம் கேளுங்க, எதிர்ப்பு இருந்தா நேர்ல போய் பேசுங்க, ராத்திரி ஷிஃப்ட் வேலை பாத்துட்டு பகல்ல தூங்குறவங்க இருப்பாங்க. அப்புறம் கவுன்சில்கிட்ட ரோடு அடைக்க விண்ணப்பம், நாலுல இருந்து பன்னிரண்டு வாரம் முன்னாடி கேட்பாங்க, பெரிய அரசு நிகழ்ச்சின்னா நிறைய கவுன்சில்ல கட்டணம் இல்லை. தெருக்காரங்க மட்டும் கூடி சாப்பிடுறதுக்கு லைசென்ஸ் வேண்டாம், சட்டப்படி இன்சூரன்ஸும் கட்டாயம் இல்லை. பீர், வைனை காசுக்கு வித்தா மட்டும் 21 பவுண்ட் கட்டி ஒரு தற்காலிக அனுமதி வாங்கணும், 10 வேலை நாள் முன்னாடி, அதனால அவங்கவங்க கொண்டு வந்து குடிக்கட்டும்னு விட்டுட்டோம். ஆம்புலன்ஸ் வந்தா போக வழி விட்டு மேஜை போடணும், ஒரு பக்கமா போடுங்க. ரோடு அடைப்பு போர்டை சில கவுன்சில் இரவல் குடுக்கும். மடக்கு மேஜை ஸ்கவுட் ஹால்ல கேட்டா கெடைக்கும். முக்கோணக் கொடித் தோரணத்துக்கு இங்க பந்திங்னு பேர், ஒரு வீட்டு ஜன்னல்ல இருந்து எதிர்வீட்டு ஜன்னலுக்கு கட்டுவாங்க, நம்ம மாவிலைத் தோரணம் கட்டுற கை இருந்தா அந்த வேலையை கேட்டு வாங்கிக்கோங்க.

"பிரிங் எ பிளேட்"னு அழைப்புல இருந்தா காலித் தட்டு இல்லைங்க, ஒரு சாப்பாட்டு ஐட்டம் செஞ்சு கொண்டு வரணும்னு அர்த்தம். என்ன செய்யலாம்? மசால் வடை, எலுமிச்சை சாதம், கேசரி, இந்த மூணும் எங்க தெருவுல பாத்திரம் காலி. காரத்தை பாதியா குறைங்க. முந்திரி போட்டா கட்டாயம் ஒரு அட்டைல எழுதி பக்கத்துல வைங்க, நெய், கோதுமை, கடுகு இதெல்லாமும் எழுதுங்க. நட்ஸ் அலர்ஜி இங்க உயிர் போற விஷயம், ஒவ்வொரு தெருவுலயும் ஒரு குழந்தையாவது இருக்கும். 2022ல நாங்க கேசரியில அட்டை வைக்காம விட்டுட்டோம், ஒரு அம்மா கடைசி நேரத்துல கேட்டதால தப்பிச்சோம், அன்னிக்கு வந்த பயம் இன்னும் போகல. சைவக்காரங்க சாசேஜ் ரோல் பாத்து எடுங்க, உள்ள கறி இருக்கும், கீஷ்ங்கற பைல முட்டை இருக்கும்.

எல்லாருக்கும் அரச குடும்பம் பிடிக்கும்னு நினைச்சுக்காதீங்க. எங்க தெருவுலயே ரெண்டு வீட்டுக்காரங்க முடியாட்சியே வேண்டாம்னு சொல்றவங்க, ஆனா மேஜை தூக்க முதல்ல வந்தவங்க அவங்க தான். கருத்து கேட்டா நம்ம கருத்தை மரியாதையா சொல்லலாம், தெரு கூடுறது வேற, அது வேற. பக்கத்து கவுண்டில ஆபிங்டன்னு ஒரு ஊர்ல அரச நிகழ்ச்சி வந்தா கவுண்டி ஹால் மொட்டை மாடியில இருந்து பன்னை கூட்டத்து மேல வீசுவாங்க, குடையை தலைகீழா பிடிச்சு அள்ளுவாங்க மக்கள், பிள்ளைங்களோட ஒரு தடவை பாக்கணும்.

துக்கமும் ஊர் கூடுற நாள் தான். 2022 செப்டம்பர் 8 ராணி இறந்தப்போ டவுன் ஹால்ல இரங்கல் புத்தகம் திறந்து வச்சாங்க, யார் வேணா போய் எழுதலாம், நானும் தமிழ்ல ரெண்டு வரி எழுதி கையெழுத்து போட்டேன், அங்க இருந்த ஊழியர் அது என்ன மொழின்னு கேட்டு தெரிஞ்சுகிட்டார். 11ஆம் தேதி ஞாயிறு மதியம் மார்க்கெட் சதுக்கத்துல மேயர் புது ராஜா அறிவிப்பை சத்தமா படிச்சார், அதுக்காக கொடியை முழுசா ஏத்தி பிறகு மறுபடி அரைக்கம்பத்துக்கு எறக்கினாங்க. இறுதிச்சடங்கு 19ஆம் தேதி திங்கள், பேங்க் ஹாலிடே (பொது விடுமுறை) ஆக்கிட்டாங்க, பெரிய சூப்பர்மார்க்கெட் எல்லாம் மூடிட்டாங்க, ஆஸ்பத்திரி அப்பாயின்ட்மென்ட் பல பேருக்கு தள்ளி போச்சு. அப்படி ஒரு நாள் வந்தா உங்க அப்பாயின்ட்மென்ட்டை போன் பண்ணி கேட்டுக்கோங்க, பாலும் மருந்தும் முந்தின நாளே வாங்கிடுங்க.

ஒரு வேலை கேட்டு வாங்குங்க

நம்ம கிராமத்துல கோயில் திருவிழாவுக்கு தலைக்கட்டு வரி குடுத்தவங்க தான் ஊர்க்காரங்க. இங்க அந்த வரி பணம் இல்லை, உங்க ரெண்டு மணிநேரம். எந்த விழாவுக்கும் ஆள் பத்தாது, இருக்குறவங்களுக்கு எழுபது வயசு தாண்டிருச்சு, கேக்குறதுக்கு கூச்சப்படுவாங்க, நாமளும் கூச்சப்பட்டு ஒதுங்கி நின்னா ரெண்டு பக்கமும் அப்படியே நின்னுக்கிட்டிருக்கும். பெரிய பொறுப்பு எடுக்காதீங்க முதல்ல. நாற்காலி அடுக்குறது, மஞ்ச ஜாக்கெட் போட்டு ரோடு முனைல வண்டியை திருப்பி விடுறது, டீ ஊத்துறது, குலுக்கல் டிக்கெட் கிழிச்சு குடுக்குறது, இதுல ஏதாவது ஒன்னு. டீ ஊத்துற வேலை தான் சிறந்தது, வர்ற ஒவ்வொருத்தரும் பால், சர்க்கரை கேட்டு உங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசியே ஆகணும், ஒரு மதியத்துல நூறு பேர் முகம் தெரிஞ்சிரும்.

எப்படி கேக்குறதுன்னா, டவுன் கவுன்சில் ஆபீஸ்ல கிளார்க்னு ஒருத்தர் இருப்பார், அவர் தான் எல்லாத்துக்கும் அச்சாணி. விழாவுக்கு ஆறு வாரம் முன்னாடி அவருக்கு மூணு வரில ஈமெயில்: நான் இந்த தெருவுல இருக்கேன், இந்த வருஷம் தான் வந்தேன், அன்னிக்கு காலைல ரெண்டு மணிநேரம் உதவ முடியும், என்ன வேலை இருக்கு. பதில் வரலைன்னா மனசு விட்டுடாதீங்க, பல ஆபீஸ்ல கிளார்க் பார்ட் டைம், மார்க்கெட் நாள் காலைல நேர்ல போங்க. பாப்பி தட்டோட உக்கார ஆள் தேடிகிட்டே இருப்பாங்க, அதுக்கு செப்டம்பர்லயே லீஜியன் கிளைல சொல்லி வச்சிரணும். நான் மூணு வருஷமா சனிக்கிழமை காலை பத்துல இருந்து பன்னிரண்டு வரைக்கும் உக்காருறேன், போன வருஷம் என் பொண்ணும் வந்தா. கால்ல ரெண்டு ஜோடி சாக்ஸ் போட்டுக்கோங்க, சூப்பர்மார்க்கெட் வாசல் கதவு திறந்து திறந்து மூடும், காத்து நேரா முட்டிக்கு தான் வரும்.